வளையும் சவ்வுக்குப் பக்கத்தில் நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுக்குமா, தள்ளுமா?

நீரில் மிதக்கும் இரண்டு நுண்துகள்கள் செல் சவ்வு போன்ற மெல்லிய படலத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இழுப்பு, தள்ளல் இரண்டுமே நடக்கும். ஆனால் அதைச் செய்வது பெரும்பாலும் நடுவிலிருக்கும் தண்ணீர்தான்.

ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்குத் தண்ணீர் தேனைப் போல. தள்ளும் விசையை எடுத்துவிட்டால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் துகள் நின்றுவிடும். ஒன்று நகர்ந்தால், அதோடு கிளம்பும் நீர் பக்கத்துத் துகளையும் அசைக்கும்.

முதலில் கெட்டிச் சுவரைப் பார்ப்போம். துகளின் மையம் சுவரிலிருந்து ஒரு விட்டத் தொலைவில் இருந்தால், சுவருக்கு இணையாகப் போகும் வேகம் சுமார் முக்கால் பங்காகவும், சுவரை நோக்கிப் போகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகவும் குறையும். இரண்டு துகள்களைச் சேர்த்துச் சுவர்ப் பக்கம் தள்ளினால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும். சுவரிலிருந்து அப்பால் தள்ளினால் நெருங்கும். ஒரே மின்னூட்டமுள்ள துகள்கள் சுவரருகே ஈர்ப்பதுபோல் தெரிந்த புதிருக்கு 2000-இல் ஸ்குயர்ஸ், பிரென்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இதுதான். அங்கே சுவருக்கும் அதே மின்னூட்டம். அது துகள்களை அப்பால் தள்ளுகிறது, மிச்ச வேலையை நீரோட்டம் பார்த்துக்கொள்கிறது.

சவ்வை வெறும் ‘மென்மையான சுவர்’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். துகளைச் சுவர் தடுக்கும் அளவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் கணக்கு முடிந்தது என்று! அது சரிப்படவில்லை. சவ்வுக்கு ஞாபகம் உண்டு. துகள் தள்ளிய நீர் சவ்வைக் குழிக்கும். குழி நிமிரும்போது அதே நீர் திரும்பி வந்து துகளை இடிக்கும். அதனால் துகள் படுவேகமாக அதிர்ந்தால் சவ்வு அங்கே இல்லாதது மாதிரி இருக்கும்; மிக மெதுவாகத் தள்ளினால் கெட்டிச் சுவர் மாதிரி இருக்கும். இடைப்பட்ட நேரத்தில்தான் விநோதமெல்லாம். துகளின் தன்னிச்சையான அலைச்சல்கூட அப்போது வழக்கத்தைவிட மந்தமாகப் பரவும்.

இனி உங்கள் இரண்டு துகள்கள். வளைவதை மட்டும் எதிர்க்கும் சவ்வை நோக்கிப் போனால், கெட்டிச் சுவரருகே போலவே அவை விலகும். தன் தளத்துக்குள் இழுபடுவதை எதிர்க்கும் சவ்வாக இருந்தால், குறிப்பிட்ட தூரங்களிலும் அதிர்வு வேகங்களிலும் அவை நெருங்கும் என்கிறது கோட்பாட்டுக் கணக்கு. ரத்தச் சிவப்பணுவின் சவ்வில் இரண்டு குணமும் உண்டு. இழுபடாமல் காப்பது அதன் உட்புறத்தில் இருக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை.

நுண்ணோக்கியில் இரண்டு துகள்கள் சேர்வதைப் பார்த்தால், மின்னூட்டத்தைச் சந்தேகிக்கும் முன் அவை சவ்வை நோக்கிப் போகின்றனவா, சவ்வை விட்டு விலகுகின்றனவா, எவ்வளவு வேகத்தில் என்று அளந்துவிடுங்கள்.