ஆட்டுக்கு இருபத்தைந்து கோடியா?

(காட்டுக் கேள்விகள். பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற வனச்சரக அலுவலர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காசு பற்றியவை.)

வரையாட்டைக் காப்பாற்ற 25 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது தமிழக அரசு. இருக்கிற ஆடுகளை எண்ணி வகுத்துப் பாருங்கள், தலைக்கு எவ்வளவு வருகிறது என்று! அந்தக் காசில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம் கட்டியிருக்கலாமே?
– வாசகர், சங்கரன்கோவில்

வகுத்தே பார்த்துவிடுவோம் ஐயா. 2022 டிசம்பரில் வந்த அரசாணைப்படி தொகை 25.14 கோடி, ஐந்து வருடத்துக்கு. வருடத்துக்கு ஐந்து கோடிச் சொச்சம். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மலைகளில் எண்ணியவை 1,303. தலைக்கு வருடம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட ஆட்டின் வாய்க்குப் போவதில்லை. அது தின்பது புல்லை. அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

ஆடுகளை எண்ணுவது, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்வது, நோய் கண்டதற்கு வைத்தியம், முன்பு இருந்து அற்றுப்போன மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவது, அப்பர் பவானியில் புல்வெளியை மீட்பது என்று திட்டத்தில் பல தலைப்புகள். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வேலை என்பேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரம் வந்தது. நம் ஆட்கள் சீகை என்பார்கள். விறகுக்கு ஆகும், பட்டை தோல் பதனிட ஆகும் என்று நீலகிரி உச்சியில் நட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் விடவில்லை. மரம் இல்லாத இடமெல்லாம் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து, அரசே காசு கொடுத்துப் புல்வெளியில் நட்டது. இப்போது அதே அரசு காசு கொடுத்து வெட்டுகிறது. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

வெட்டுவது லேசு. வெட்டிய அடிக்கட்டை துளிர்க்கும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் இன்னும் மோசம். மண்ணுக்குள் பல வருடமாகத் தூங்கும் விதைகள் சூடு பட்டதும் ஓடு விட்டு முளைத்து, கத்தரி நாற்றங்கால் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அத்தனையையும் குனிந்து கையால் பிடுங்க வேண்டும். மழை விட்டு மண் இளகிக் கிடக்கிற வாரங்களில் இழுத்தால் வேர் முழுசாக வரும். மண் இறுகிய பிறகு இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், அடுத்த மழைக்கு அது மறுபடி தலை காட்டும். பிடுங்கிய இடத்தில் புல்லைத் தூர் தூராகப் பிரித்து நட வேண்டும். அதற்குத் தனியாகப் புல் நாற்றுப்பண்ணை. அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். செலவென்று நீங்கள் பார்ப்பதில் நிறைய, மலைக்கு மேலே முதுகு வளைக்கிறவர்களின் கூலி.

பள்ளிக்குக் கட்டடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது இந்த உச்சிப் புல்வெளியும் சோலையும்தான். அப்பர் பவானி அணையும் முக்கூர்த்தி அணையும் அந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கின்றன. குந்தா மின்நிலையங்கள் சுற்றுவதும் அதில்தான். வகுக்கும்போது அந்தக் கரண்டையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. 2024 கணக்கெடுப்பில் 1,031, அடுத்த வருடம் 1,303. ஒரே வருடத்தில் 272 கூடிவிட்டது என்று யாராவது போஸ்டர் அடித்தால் நம்ப வேண்டாம். வரையாடு ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். இரண்டாம் முறை கூடுதலான இடங்களில் எண்ணினார்கள். எண்ணாத பாறைகளிலும் ஆடு இருந்திருக்கிறது என்று தெரிந்ததே நல்ல சேதி.

மத்திய அரசு, மாநில அரசு என்று இரண்டு பக்கமும் பணம் வருகிறது. அப்படியிருந்தும் தீ வரும்போது வனத்துறையில் ஆளில்லை, காசில்லை என்கிறார்களே?
– வாசகர், போடிநாயக்கனூர்

வருகிறது. எப்போது வருகிறது என்று கேளுங்கள்.

புலிகள் காப்பகத்தையே எடுத்துக்கொள்வோம். 1973-இல் தொடங்கிய திட்டம். வருடா வருடம் ஆகும் செலவில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. காப்பகம் ஆண்டுச் செயல்திட்டம் எழுதி அனுப்ப வேண்டும், டில்லியில் ஒப்புதல் ஆக வேண்டும், போன தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், மாநிலத்தின் பங்கு சேர வேண்டும். எங்காவது ஒரு மேசையில் ஒரு தாள் தூங்கினால் போச்சு. தணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தீக்கு நிதியாண்டு தெரியாது.

தீ தாண்டாமலிருக்கப் புல்லை வெட்டி வெறுமையாக விடும் பட்டைதான் தீத்தடுப்புக் கோடு. அதைப் பொங்கலை ஒட்டி வெட்டி முடித்தாக வேண்டும். மாசி பிறந்துவிட்டால் புல் சருகாகிவிடும், ஒரு பீடித் துண்டு போதும். நான் இருந்த சரகம் ஒன்றில் ஒரு வருடம் அதற்கான தொகை மார்ச் கடைசி வாரம்தான் வந்து சேர்ந்தது. கூடவே, 31-ஆம் தேதிக்குள் செலவழித்துக் கணக்கை ஒப்படை என்று ஓர் உத்தரவு. தடுப்புக் கோடு எப்போதோ வெட்டி முடித்தாயிற்று. வெட்டிய ஆட்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, வெற்றிலை எல்லாம் அடிவாரத்து மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்த வருடத்து வன உயிரினப் பாதுகாப்பு நிதி அவர் கொடுத்ததுதான்.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கதையும் இதேதான். பல பேர் மலைவாழ் மக்கள், நிரந்தர வேலை இல்லாதவர்கள். அட்டைக்கடிக்குப் புகையிலையையும் உப்பையும் துணியில் முடிந்துகொண்டு நாள் முழுக்க நடப்பவர்கள். அவர்கள் சம்பளம் தள்ளிப்போனால் அதைத் தலைப்புச் செய்தியாக எந்தப் பத்திரிகையும் போடாது (இந்தப் பத்திரிகையும்தான், ஆசிரியர் மன்னிக்க). நான் நிதி மந்திரியாக இருந்தால் புதிதாக ஒரு திட்டமும் அறிவிக்க மாட்டேன். இருக்கிற தொகையை ஐப்பசிக்குள் சரகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

பாறுக் கழுகுகள் திரும்பி வர எத்தனை கோடி ஒதுக்க வேண்டும்?
– வாசகி, கூடலூர்

கோடியைவிட அதிகம் உதவியது தடை உத்தரவு அம்மா. வலிக்கென்று மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்த பிறகும் உடம்பில் தங்கி, தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் சரியத் தொடங்கிய வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து கூடாது என்றார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? மனிதர்களுக்கு விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் அந்தக் குப்பிகளுக்கும் தடை. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்குளோஃபினாக்கும் கால்நடைக்குக் கூடாது என்றானது.

நீங்கள் இருப்பது மோயாற்றுப் பக்கம், பாறு இன்னும் கூடு கட்டுகிற பள்ளத்தாக்கு. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம், 'மெலாக்சிகாம்தானே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மருந்து பாறுகளைக் கொல்லாது.

ஒதுக்குகிற பணத்தையெல்லாம் புலியே தின்றுவிடுகிறதாமே?
– வாசகர், சாத்தான்குளம்

புலிக்கென்று காக்கிற காட்டில் தவளையும் பிழைத்துக்கொள்கிறது, அதை மறக்கக் கூடாது. ஆபத்து, புலியே இல்லாத ஊரில் பிறந்தவற்றுக்கு. உங்கள் பக்கத்துச் செம்மணல் தேரியிலும் உடைமுள் காட்டிலும் இருக்கிற முள்ளெலியைப் பாருங்கள். அது வாழ்கிற இடத்தில் நிறையப் பட்டா நிலமும் புறம்போக்கும். சரகர் லத்தியோடு நுழைய முடியாது. கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. 2025-இல் தமிழக அரசு சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, மகசீர் மீன் ஆகிய நான்குக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரையாட்டுத் தொகைக்கு முன்னால் இது சில்லறை. ஆனாலும் முள்ளெலி பெயர் அரசாணையில் ஏறியதே எனக்குச் சந்தோஷம்.

பேரப் பிள்ளைகளுக்கு வரையாட்டைக் காட்ட வேண்டும். முழங்கால் வலி, மலை ஏற முடியாது. எங்கே போகலாம்?
– வாசகி, திருப்பூர்

ஏறவே வேண்டாம். ஆழியாற்றிலிருந்து வால்பாறை போகும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, லோம்ஸ் வியூ. காலையில் சீக்கிரம் போனால் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். வண்டியை ஓரங்கட்டி, உள்ளே இருந்தபடி பாருங்கள். பேரன் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் பிடுங்கி வையுங்கள். தின்று பழகிய ஆடு வண்டிச் சத்தத்துக்கு விலகாமல் ரோட்டிலேயே நிற்கும், வளைவில் இறங்கி வருகிற லாரிக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.