ரூட்டாக நுழைந்தும் எழுத விடவில்லையா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடைக் கணக்குக்கு ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. மெமரி நாளுக்கு நாள் நிறைகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், மெமரியைத் துண்டு போட்டுக் கொடுக்கும் ஸ்லப் (SLUB) அமைப்பில் 'ஆர்டர்' மதிப்பை மாற்றச் சொன்னார் சர்வீஸ்காரர். முழு அதிகாரமுள்ள ரூட்டாக நுழைந்தும் 'அனுமதி இல்லை' என்கிறது. பழைய கெர்னல் போட்டால் சரியாகும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கணினியில் எதுவும் கெடவில்லை. 2020இல் வந்த லினக்ஸ் 5.9 முதல் அந்த 'ஆர்டர்' ஃபைலை வாசிக்கத்தான் முடியும். கெர்னலை எழுதுபவர்கள் தெரிந்தேதான் பூட்டினார்கள். ஏன் என்று அந்தப் பிழைச்செய்தியிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். மொட்டையாக 'அனுமதி இல்லை' என்றால் மெஷின் பழுது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

கெர்னல் மெமரியை நாற்றங்கால் பாத்தி போலப் பிரித்து, ஒரே அளவுத் துண்டுகளாக அடுக்குகிறது. ஒரு பாத்தியின் நீளத்தைச் சொல்வது ஆர்டர். துண்டுகளை எந்த வரிசையில் கொடுப்பது என்ற பட்டியலையும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும். ஓடும்போது பாத்தியை நீட்டினால் துண்டு கூடும், பட்டியல் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும். கெர்னல் பட்டியலைத் தாண்டிப் போய் யாருடைய மெமரியையோ படிக்கும். பழைய கெர்னலில் எழுத முடிகிறது என்றால் அந்த ஓட்டை அங்கே திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும்.

இன்றும் எழுதக்கூடிய ஃபைல் ஒன்று 'ஷ்ரிங்க்'. அதில் 1 எழுதலாம். முழுக்கக் காலியான பாத்திகளை மட்டும் திருப்பித் தரும். ஒரே ஒரு நாற்று நின்றாலும் அந்தப் பாத்தியை விடாது. துண்டின் அளவு மாறாது, எண்ணிக்கை மாறாது, பட்டியலும் மாறாது. அதனால்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கிய மெமரியை ஏதோ ஒன்று திருப்பித் தராத கசிவு இருந்தால் இது அடைக்காது.

சரி, கசிவா என்று முதலில் பாருங்கள். மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ (/proc/meminfo) ஃபைலில் 'எஸ்ரீக்ளெய்மபிள்' (SReclaimable) கூடினால் பயமில்லை. தேவைப்படும்போது கெர்னலே விடுவிக்கும். 'எஸ்அன்ரீக்ளெய்ம்' (SUnreclaim) தினமும் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் இருக்கலாம். தராசுக்கென்று தனியாகப் போட்ட டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். எந்த கேஷ் (ஒரே வகைத் துண்டுகள் உள்ள பாத்திகளின் தொகுப்பு) வீங்குகிறது என்று 'ஸ்லாப்டாப்' (slabtop) கட்டளை காட்டும். கணினி தொடங்கும்போது கெர்னலுக்குப் போகும் பூட் வரியில் 'ஸ்லப்_டீபக்' (slub_debug) அளவுருவுக்கு 'யு' (U) என்ற எழுத்தும், கமா போட்டு அந்த ஒரு கேஷின் பெயரும் கொடுங்கள். அப்புறம், மெமரியை வாங்கியது யார் என்ற தடம் பதிவாகும்.

அந்த ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு மெஷினில் எல்லா கேஷுக்கும் சோதனையைப் போட்டுவிட்டு, அதனால் வந்த மந்தத்தைக் காட்டியே புது ரேம் விற்றிருந்தார் ஒருவர். நான் பூட் வரியில் 'ஸ்லப்_டீபக்' என்ற சொல்லை நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். பழைய வேகம் வந்துவிட்டது. ரேமுக்குக் கொடுத்த பணம்தான் வரவில்லை. உங்கள் பூட் வரியையும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.