குழாயைப் பிடுங்கிவிட்டு ரைடை மட்டும் காட்டினால்?

கேள்வி: சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போனோம். போன முறை இருந்த குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பாட்டில் தண்ணீர்க் கடை வைத்திருக்கிறார்கள். வெளிச் சாப்பாடு கூடாது. உள்ளே சாம்பார் சாதம், தயிர் சாதத்தை நிறுத்திவிட்டு பர்கர், பீட்சாதான். மர நிழலில் இருந்த பெஞ்சுகளையும் காணோம். வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கப் புலம்பினார்கள். ஆனால் ரைடுகள் அப்படியே இருக்கின்றன, புதிதாக இரண்டு வந்தும் இருக்கின்றன. போவது ரைடுக்குத்தானே? சோற்றுக்கும் தண்ணீருக்கும் குறை சொல்வது நம் ஆட்களின் பழக்கதோஷம் இல்லையா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னதுதான் சரி. ஒரு கணக்குப் போடுங்கள். காலை 10 மணிக்கு உள்ளே போய் மாலை 6 மணிக்கு வெளியே வந்தால் 480 நிமிடம். ஒரு ரைடு ஓடுவது 2, 3 நிமிடம். 12 ரைடு ஏறினாலும் 36 நிமிடத்தைத் தாண்டாது. மிச்ச நேரமெல்லாம் வரிசையில் நின்றீர்கள், நடந்தீர்கள், தண்ணீர் தேடினீர்கள், சாப்பிட்டீர்கள், பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனீர்கள், உட்கார இடம் பார்த்தீர்கள். குடும்பத்தோடு வருகிற பெண்களில், வயதானவர்களில் பலர் ரைடே ஏறுவதில்லை. பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு வந்த அவர்களுக்கு அந்த பெஞ்சும் குழாயும்தான் பார்க்.

இந்தச் சிக்கல் தீம் பார்க்கோடு கூடவே பிறந்தது. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளில் கடும் வெயில். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் கழிப்பறை, குடிநீர்க் குழாய் இரண்டையும் முடிக்க அவகாசம் இல்லை. வால்ட் டிஸ்னி கழிப்பறையை முடிக்கச் சொன்னார். அந்த நெருக்கடியில் அது சரியான முடிவு. ஆனால் வந்த கூட்டத்துக்கு வேலைநிறுத்தக் கதை தெரியாது. குளிர்பானம் விற்பதற்காகவே குழாயை மூடிவைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். உள்நோக்கமே இல்லாத இடத்தில் அப்படித் தோன்றியது என்றால், குழாய் இருந்த இடத்திலேயே பாட்டில் கடை வைத்தால் என்ன தோன்றும்?

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் அலைகிறவருக்கு 8 மணி நேரத்தில் 2 லிட்டராவது வேண்டும். நாலு பேருக்கு 8 லிட்டர். லிட்டர் பாட்டில் 20 ரூபாய் என்றால் 160 ரூபாய். பெரிய தொகை இல்லை என்பீர்கள். ஆனால் எந்தக் குடும்பமும் 8 பாட்டில் வாங்காது. மூன்று வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு மடக்கு, பெரியவர்களுக்கு அரை மடக்கு என்று பங்கு வைக்கும். மூன்று மணிக்குத் தலைவலி வரும், சின்னது அழ ஆரம்பிக்கும், ‘போதும், கிளம்பலாம்’ என்று யாராவது சொல்வார்கள். நாலு மணிக்குக் கிளம்புகிற குடும்பம் மாலை டீயும் பஜ்ஜியும் வாங்காது. பாட்டிலில் வந்த லாபம் அங்கே போய்விடும்.

குழாய் வைத்தால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. பல இடங்களில் குழாயைக் கழிப்பறைச் சுவரிலேயே பொருத்துகிறார்கள். பைப் இழுக்கும் செலவு மிச்சம். ஆனால் அங்கே குடிக்க யாருக்கும் மனம் வராது. குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் விடுகிறார்கள். லிட்டர் பாட்டில் நிமிர்ந்து நிற்காது, சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிரம்பும், மிச்சம் தரையில் கொட்டிச் சேறாகும். 35 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. சிறுவர்களுக்கு இரண்டடி உயரத்தில் தனியாக ஒரு குழாய். இடமும் முக்கியம்: பெரிய ரைடில் இருந்து வெளியே வரும் வழியில் வைக்க வேண்டும். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று இறங்குகிறவருக்குத்தான் தாகம் அதிகம்.

இனி சோறு. சாத வகைகளை நிறுத்தியதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுவோம். பர்கருக்கு வேண்டியது ஃப்ரீசரில் கிடக்கும், ஆள் வந்தால் எடுத்துப் பொரிக்கலாம். சாம்பார் சாதம் கிளறியது கிளறியதுதான், விற்காவிட்டால் கொட்ட வேண்டும். சூட்டுச் சாதத்தை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. காலையில் பிசைந்த தயிர் சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துப்போகும். இதற்கு வழி நம் சமையல்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைவது, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னச் சின்ன அளவாகத் தயாரிப்பது. அடுப்பை 11 மணிக்குப் பற்றவைத்து 3 மணிக்கு அணைத்தால் கொட்டுவது குறையும்.

சாதத்தை எடுத்ததால் வரிசை என்ன ஆகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நாலு தட்டு சாதத்துக்குப் பில் போட்டு எடுத்துக்கொடுக்க ஒன்றரை நிமிடம். நாலு பர்கரைப் பொரித்து அடுக்கித் தர, கைகள் வேகமாக ஓடினாலும் 4 நிமிடம். நாலு கவுண்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சாதத்தில் 160 குடும்பம் போகும், பர்கரில் 60 குடும்பம்தான். ஒரு மணிக்கு 150 குடும்பம் வந்து நின்றால் முதல் கணக்கில் இரண்டு மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். இரண்டாவது கணக்கில் கடைசிக் குடும்பம் மூன்றரை மணிக்குத் தட்டை வாங்கும். சர்க்கரை நோயாளி ஒருவர் அந்த வரிசையில் இருந்தால் என்ன ஆகும்? பர்கர் இருக்கட்டும், பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் பக்கத்திலேயே சாதத்துக்கு ஒரு கவுண்டர் கட்டாயம் வேண்டும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது தமிழர்களுக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. 1992 ஏப்ரலில் பாரிஸ் அருகே யூரோ டிஸ்னி திறந்தபோது, ஐரோப்பியர்கள் காலையில் பெரிதாகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஓட்டல்களின் சாப்பாட்டுக் கூடங்களைச் சிறிதாகக் கட்டினார்கள். 350 இருக்கை உள்ள கூடத்தில் 2,500 பேருக்குக் காலை உணவு கொடுக்க வேண்டிய நிலை வந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒன்றாக வந்து நின்றார்கள். பஸ் டிரைவர்களுக்கான கழிப்பறையை 50 பேருக்குக் கட்டியிருந்தார்கள், கூட்ட நாட்களில் வந்தது 200 டிரைவர்கள். பார்க்குக்குள் ஒயின் கூடாது என்ற விதியை மறுவருடமே தளர்த்த வேண்டி வந்தது. அந்த பார்க் நஷ்டப்பட்டதற்கு முதல் காரணம் கடன் சுமைதான், ஒயின் இல்லை. ஆனால் வந்தவர் மனம் கசந்து திரும்பியதற்கு இவை போதும். கல்யாணத்துக்குப் போய்வந்தவர் ஊரில் பந்தியைப் பற்றித்தானே பேசுவார்!

சாப்பாட்டை வைத்தே கூட்டத்தைச் சமாளிக்கிறவர்களும் உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்டில் பாப்கார்ன் வண்டிகள் ஒரே சுவையை விற்பதில்லை. ஓரிடத்தில் கேரமல், வேறிடத்தில் கறி மசாலா. பிடித்த சுவைக்காக மக்கள் நடக்கிறார்கள், ஒரே வண்டி முன்னால் குவிவதில்லை. இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ரைடு உள்ள பார்க்குகளில் உடை மாற்றும் அறையின் கதவுக்குப் பின்னால் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பழையது உடைந்தால் புதிதாகப் போடுவதில்லை. கொக்கி இல்லாவிட்டால் காய்ந்த துணியை எங்கே வைப்பது? தரை ஈரம். ஒரு கையில் துணியும் பையும், ஒரு கையில் பிள்ளை. 4 நிமிட வேலை 7 நிமிடம் ஆகிறது. 10 அறைகளில், தண்ணீரில் இருந்து ஒரே நேரத்தில் வெளியேறும் 300 பெண்கள் 2 மணி நேரத்தில் மாற்றி முடிப்பது மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஐம்பது, நூறு ரூபாய்க் கொக்கி அது.

பணம் வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வாசலில் சொன்ன கட்டணத்தை மக்கள் யோசித்து, சம்மதித்துக் கட்டுகிறார்கள். உள்ளே போன பிறகு, நேற்றுவரை சும்மா கிடைத்ததற்குக் காசு கேட்டால் சம்மதம் என்ற பேச்சே இல்லை. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2018 இல் தங்கள் ஓட்டலில் தங்குகிறவர்களிடமே இரவு பார்க்கிங் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து வருகிறவர்களுக்கு அந்தச் சில டாலர்தான் உறுத்தியது. 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

வெளிச் சாப்பாட்டுத் தடைக்கு வருவோம். ஷாங்காய் டிஸ்னிலேண்டில் கையில் தின்பண்டம் கொண்டுபோனதைத் தடுத்ததற்காகச் சட்ட மாணவி ஒருவர் வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது, பார்க்கும் விதியைத் தளர்த்தியது. நம் நாட்டில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், தியேட்டர்காரர்கள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம் என்றது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக்கூடாது என்றும் சொன்னது. அது தியேட்டருக்கான தீர்ப்புதான். ஆனால் மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கே தண்ணீர் தர வேண்டும் என்றால், நாள் முழுக்க வெயிலில் இருப்பவருக்கு வேண்டாமா?

அந்த பாட்டில் கடையில் என்ன விலை கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாட்டிலில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் கடையில் வாங்கக்கூடாது. ஒரே பாட்டிலுக்கு வெளியே ஒரு எம்ஆர்பி, உள்ளே ஒரு எம்ஆர்பி என்று அச்சிடுவதும் 2018 ஜனவரி 1 முதல் செல்லாது. எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று ஓட்டல்களுக்கு 2017 இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கைக் காட்டினால், அது உட்கார வைத்துப் பரிமாறும் சேவையைப் பற்றியது என்று சொல்லுங்கள். கூடுதலாக வாங்கினால் பில்லையும் லேபிளையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

பார்க் நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ‘வசதி சரியில்லை’ என்று எழுதினால் அது கோப்பில் கிடக்கும். எந்த ரைடுக்கு எதிரே குழாய் இருந்தது, எந்த மரத்தடியில் எத்தனை பெஞ்சு போட்டிருந்தார்கள், சாப்பாட்டு வரிசையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றீர்கள் என்று எழுதுங்கள். இதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். அன்று இவற்றைக் கவனித்தவர்கள் அவர்கள்.