பூக்கட்டிப் பார்த்தல் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பர்மாவில் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். வெளியிடுவதாக இருந்தால் பெயர் போட வேண்டாம். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

வயது 33. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்குப் போய் முறையாகத் தமிழ் படித்துப் பட்டம் வாங்கி, திரும்பி வந்து இங்கேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து ஆசை. அதற்காகச் சேர்த்த பணம் விலைவாசியில் கரைந்துவிட்டது. போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி யாங்கூனில் வேலை பார்க்கிறான்.

என் அம்மா அங்காளம்மா சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. 'அம்மா வழியை அடைச்சிட்டா, உன் திட்டத்தை விட்டுடு' என்கிறார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் நானே இன்னொரு தடவை பார்த்தேன், வெள்ளை. பயந்துபோய் மறுபடி பார்த்தேன், சிவப்பு. அந்தப் பொட்டலங்களை எடுத்த குழந்தை, அதன் முகம், பூசாரி பார்த்த பார்வை எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன.

உங்கள் தாத்தா 1964இல் கப்பல் ஏறாமல் நின்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 'அம்மாதான் நிறுத்தினா' என்று அவர் சொன்னதாக வரும். அந்த உறுதி எனக்கு வரவில்லை. பகலில் எல்லாவற்றையும் அவள் காலடியில் வைத்துவிட்டேன் என்கிறேன். ராத்திரி படுத்ததும் திரும்ப எடுத்துவிடுகிறேன். இது நம்பிக்கைக் குறைவா அக்கா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பூவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், பணத்தைப் பற்றி ஒரே வரி. நான் பணத்திலிருந்து தொடங்குகிறேன். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,300 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் ஒரு கியாட்கூட எடுத்துச் செலவழிக்காமலே சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இதை அங்காளம்மா செய்யவில்லை. செய்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு. எழுதும் காலம் இதுவல்ல, நீங்களும் அறிவீர்கள். 'அம்மா வழியை அடைச்சிட்டா' என்று உங்கள் அத்தை சொல்லும்போது அந்த மனிதர்கள் பற்றில் எழுத வேண்டியதையும் சேர்த்து அம்மா கணக்கில் எழுதிவிடுகிறார். எனக்கு அதில் சம்மதமில்லை.

அத்தையைக் குறை சொல்லவில்லை. பர்மாத் தமிழர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. இங்கே எந்தக் குடும்பத்தின் திட்டம்தான் போட்டபடி நடந்தது? 1941 டிசம்பரில் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், ஜப்பானியர் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் ஊர் போய்ச் சேரவில்லை. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. இப்படி அடிமேல் அடி வாங்கியவர்கள் பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. 'எல்லாம் அம்மா செயல்' என்பது அந்த வாக்கியம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். அதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டிலும் சோறு இறங்கியது.

ஆனால் யார், எதைப் பற்றி அதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தாத்தாவைப் பற்றி நான் எழுதியதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் சின்னத்தாத்தா வரவில்லை. அரிசிக் கடை கையை விட்டுப் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அம்மா முன்னால்தான் விழுந்து கும்பிட்டார்கள். தம்பி மெட்ராஸ் கப்பல் ஏறி வியாசர்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் இங்கேயே நின்று தள்ளுவண்டியில் கடலை விற்றார். 'அம்மாதான் அனுப்பினா' என்று அங்கிருந்து கடிதம் வரும். 'அம்மாதான் நிறுத்தினா' என்று இங்கிருந்து பதில் போகும். இரண்டும் பொய்யில்லை. ஒவ்வொருவரும் தான் வாழ்ந்து தீர்த்ததைப் பற்றிச் சொன்னார்கள். சின்னத்தாத்தாவின் கடைசிப் பெண்குழந்தை அங்கே போன முதல் மழைக்காலத்தில் இறந்தபோது 'அம்மா செயல்' என்று தாத்தா எழுதவில்லை. அவரால் நெடுநாள் பதிலே எழுத முடியவில்லை என்று ஆயா சொல்வார்.

மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே ஒட்டாமல், பிறந்த பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக வந்தவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார்கள். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், வியாபாரம் செய்து ஓர் ஊரையே எழுப்பினார்கள். 'அம்மா எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினா' என்று அவர்கள் சொல்லட்டும், அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வாசலை அடைத்த அதிகாரி அதைச் சொல்லக் கூடாது. உங்கள் விஷயத்தில் அத்தையும் சொல்லக் கூடாது. உங்கள் திட்டத்தை விடச் சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

இதில் நம் பழைய பணக்காரர்கள் கதையும் ஒன்று உண்டு. செட்டியார்கள் ரங்கூனில் முருகனை நம்பி வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்தவர்கள். நடப்பு வட்டியை நிர்ணயிக்க மாதாமாதம் அவர்கள் கூடியதே கோயிலில்தான். பேரேட்டில் சாமிக்கு மகமை ஒதுக்காமல் லாபம் எழுதியதில்லை. அவர்கள் நம்பியதும் உண்மை, தம்பிடிக் கணக்கு பார்த்ததும் உண்மை. ஒன்றுக்காக ஒன்றை விடவில்லை. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈட்டு நிலமெல்லாம் அவர்களிடமே வந்து சேர, 1938இல் அது 25 சதவீதமானது. நிலம் வேண்டும் என்று அவர்கள் திட்டம் போடவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். அந்த நிலமே பிறகு அவர்கள் மேல் கோபமாகத் திரும்பியது. சுதந்திரத்துக்குப் பின் நாட்டுடைமையாகிப் போனது. இதில் எந்தக் கட்டம் முருகன் செயல்? நிலம் வந்ததா, போனதா? நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தால் அந்தக் கேள்விக்கு யாராலும் வாய் திறக்க முடியாது.

சரி, பூவுக்கு வருகிறேன்.

எங்கள் ஆயாவும் பூக்கட்டுவார். அது மட்டுமா, பேதின் சயா என்கிற பர்மிய ஜோசியரிடம் ஜாதகம் பார்ப்பார், பொட்டட்டாவ் பகோடாவுக்குப் போய் அங்கே காவல் தெய்வமாக நிற்கும் போபோஜியின் நீட்டிய விரலில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார். மூன்று வாசலிலும் கேட்டு, தனக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் வீட்டுக் கேலி. ஆனால் ஒரு விஷயத்தில் கறார். நோய்க்குப் பூக்கட்ட மாட்டார். ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது என்பார். கடன் வாங்குவதா என்றும் கட்ட மாட்டார், அதைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல் என்பார். என் அத்தைக்கு இரண்டு வரன் வந்து, இரண்டும் எல்லாவிதத்திலும் சமமாக நின்றபோது கட்டினார். போய் விசாரிக்க வேண்டியதை விசாரித்து, பேச வேண்டியவர்களிடம் பேசி, அதற்கு மேல் மனிதப் புத்திக்கு எட்டாது என்ற இடம் வந்த பிறகு அம்மாளைத் தொந்தரவு செய்யலாம் என்பது அவர் வைத்திருந்த முறை. வந்த பூவை மறுபடி சோதித்ததும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் அந்த இடம் இன்னும் வரவில்லை. அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அம்மாளிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். தம்பியிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டதாக எழுதவில்லை. அவன் ஆண்பிள்ளை, யாங்கூனில் வேலையில் இருக்கிறான், அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வீட்டில் பேசாமலே முடிவாகியிருக்கும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் முடிவாகிறது. பிறகு பெண்ணின் திட்டத்துக்கு மட்டும் பூ கட்டப்படுகிறது. தம்பி வேலைக்குப் போனபோது யாராவது பூக்கட்டிப் பார்த்தார்களா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சண்டைக்காக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அவனுக்கும் நிஜமான சிக்கல் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் நிம்மதி இல்லை. பேசினால்தான் அவன் பயமும் உங்களுக்குத் தெரியும்.

ராத்திரி திரும்ப எடுத்துவிடுகிறேன் என்றீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன். ஆசை போனால்தான் சரணாகதி என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மார்கழியில் உங்கள் கோயிலிலும் திருவெம்பாவை பாடுவீர்கள். அதே மாணிக்கவாசகர் திருவாசகத்தில் குழைத்த பத்து என்ற பகுதியில் பாடியது இது:

வேண்டத்தக்கது அறிவோய் நீ வேண்ட முழுதும் தருவோய் நீ
வேண்டும் அயன்மாற்கு அரியோய் நீ வேண்டி என்னைப் பணிகொண்டாய்
வேண்டி நீ யாதருள் செய்தாய் யானும் அதுவே வேண்டினல்லால்
வேண்டும் பரிசொன்று உண்டென்னில் அதுவும் உன்றன் விருப்பன்றே

கடைசி அடியைப் பாருங்கள். நீ கொடுப்பதையே நானும் கேட்கிறேன் என்பதோடு அவர் முடித்திருந்தால் உங்கள் அத்தை சொல்வது சரி. அதற்கு அப்புறமும் எனக்கென்று ஒரு ஆசை மிச்சமிருந்தால், அதுவும் நீ விரும்பியதுதானே என்று கேட்கிறார். மிச்சமிருக்கும் ஆசையை மறைக்கவில்லை, வெட்கப்படவுமில்லை, அதையும் கையில் எடுத்துக்கொண்டே போய் நிற்கிறார். பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் போய், திருப்பெருந்துறையில் எல்லாவற்றையும் விட்டு நின்றவர் அவர். அதற்காக வெயிலில் நிறுத்தப்பட்ட கதையும் உண்டு. அதைப் பிரசங்கத்தில் வேகமாகக் கடந்துவிடுவார்கள். விட்டுவிடுவது என்றால் என்ன விலை என்று தெரிந்த ஆள், ஆசையைப் பற்றி இவ்வளவு தாராளமாக இருக்கிறார்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தனை வருடமாக உங்களை விட்டுப் போகவில்லை. சந்நிதியில் வைத்த பிறகும் ராத்திரி வந்து நிற்கிறது. குழந்தை எடுத்த பொட்டலத்தை மட்டும் அம்மா பேசியதாக எடுத்துக்கொண்டு, இதை உங்கள் பலவீனம் என்று ஏன் ஒதுக்குகிறீர்கள்? எனக்கென்னவோ அவள் ஏதாவது சொல்வதாக இருந்தால் இந்த வழியாகத்தான் சொல்வாள் என்று தோன்றுகிறது. என் எண்ணம் இது, வேதவாக்கில்லை.

விடக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்த வருடம், எந்தக் கல்லூரி, எந்த விமானம் என்று நீங்கள் மனசில் வரைந்து வைத்திருக்கும் படம். அது இப்போதைக்கு நடக்காது. அப்பாவின் உடம்பும் கியாட்டின் விலையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதை விடும்போது வலிக்கும், அழுகையும் வரும், வரட்டும். அம்மா காலடியில் வைப்பதானால் அந்தப் படத்தை வையுங்கள். படிப்பைச் சேர்த்து வைத்துவிடாதீர்கள்.

படிப்புக்கு: தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது. சான்றிதழிலிருந்து இளநிலைப் பட்டம் வரை உண்டு. இப்போதைய கட்டணம், தேர்வு மையம், உங்கள் பள்ளிச் சான்று ஏற்கப்படுமா என்பதை அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். பாடங்களில் பெரும்பகுதி அவர்கள் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அவர்களுடைய நூலகப் பகுதியில் பழைய இலக்கண உரைகளும் கிடைக்கும். கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் எப்போது வரும் என்பதை நம்பி உட்கார முடியாது. அதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா