கைதேர்ந்தவர்களுக்குக் கற்பிக்க வராதபோது

வணக்கம். புதிய பயிற்றுநர்கள் நல்ல எலெக்ட்ரீஷியன்கள், ஆனால் மாணவர்களுக்கு வேலை பிடிபடவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கைப்பழக்கம்தான் காரணம். தாங்கள் செய்வதில் பாதியைச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது.

ஒவ்வொருவரையும் ஒரே ஒரு வேலையை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: படி, கவனிக்க வேண்டியது, ஏன். வயர் உரிப்பதையே எடுங்கள். ஸ்ட்ரிப்பரில் (வயரின் மேலுறையை உரிக்கும் கருவி) அளவைவிடச் சிறிய துளையில் வைத்தால் செம்பு இழைகள் வெட்டுப்படும், பிறகு லோடு ஏறி அதிக மின்சாரம் பாயும்போது அந்த இடம் சூடாகும். இந்த ‘ஏன்’தான் வழக்கமாக விடுபடும்.

அடுத்து, வெல்டிங் பயிற்றுநர் ஒருவரை மாணவராக உட்கார வையுங்கள். எலெக்ட்ரிக்கல்காரர் வேண்டாம், விட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். புதிய பயிற்றுநர் அவருக்கு முதல் முறை படிகளைச் சொல்லி, இரண்டாம் முறை கவனிக்க வேண்டியதைச் சேர்த்து, மூன்றாம் முறை காரணத்தோடு செய்து காட்டட்டும். பிறகு மாணவர் செய்துகொண்டே விளக்க வேண்டும். “புரிந்ததா?” என்று மட்டும் கேட்கவே விடாதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.