சர்வர் கண்காணிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: எங்கள் சேவையின் சராசரி பதில் நேரம் 300 மில்லி விநாடியைத் தாண்டுவதில்லை. ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்று பயனர்கள் புகார் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பயனர்களை. 100 கோரிக்கைகளில் 98க்கு 100 மில்லி விநாடியில் பதில் போகிறது, மீதி இரண்டு 10 விநாடி இழுக்கின்றன என்று வையுங்கள். சராசரி 298 மில்லி விநாடி. உங்கள் திரையில் எல்லாம் பச்சை. இரண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் திறக்க இப்படி 50 கோரிக்கைகள் தேவைப்பட்டு, தாமதங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், பக்கம் திறப்பவர் ஒரு தாமதத்திலாவது சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம்! சராசரியைத் தூக்கி வைத்துவிட்டு 99ஆம் சதமானத்தைப் பாருங்கள், அதாவது 100 கோரிக்கைகளில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை. சர்வர்வாரியான சதமானங்களைக் கூட்டி வகுத்து மொத்தச் சதமானம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. எவ்வளவு நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்று காட்டும் ஹிஸ்டோகிராம்களின் எண்ணிக்கைகளைக் கூட்டிய பிறகுதான் சதமானம் எடுக்க வேண்டும்.

கேள்வி: சி.பி.யு. 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை வைக்கலாமா?

பதில்: ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் எச்சரிக்கையாக வேண்டாம். பயனருக்குப் பதில் நேரத்தில் கிடைத்துக்கொண்டிருக்கும்போது சி.பி.யு. 95 சதவீதத்தில் ஓடினால் என்ன குறை? பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம் உழைக்கிறது. தாமதமோ பிழையோ கூடினால் எழுப்புங்கள்.

கேள்வி: நினைவகம் 90 சதவீதம் தாண்டினால்?

பதில்: அதே பதில்தான். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளைத் தேக்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும். வெறுமனே கிடப்பதைச் சொல்லும் 'ஃப்ரீ' எண்ணை விட்டு, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளக்கூடியதைச் சொல்லும் 'அவெய்லபிள்' எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: சி.பி.யு. பற்றிக் கேட்டவன்தான். உங்கள் பதிலை ஏற்க முடியவில்லை. டிஸ்க் நிரம்பினால் தரவுத்தளமே நின்றுவிடும். பயனர் அவதிப்படும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

பதில்: நியாயமான மறுப்பு. டிஸ்க்கும் பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதியும் விதிவிலக்குகள். பாதிப்பு வரப்போவது முன்பே தெரியும். ஆனால் அங்கும் 80 சதவீதம் தவறான அளவுகோல். 10 டெராபைட்டில் 80 சதவீதம் நிரம்பினால் இன்னும் 2 டெராபைட் மிச்சம். 20 ஜிகாபைட்டில் 4 ஜிகாபைட்தான். இதே வேகத்தில் போனால் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று கேளுங்கள். போக்கை நீட்டிக் கணிக்கும் வசதி புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளிலேயே இருக்கிறது.

கேள்வி: நள்ளிரவில் லாக் கோப்பு (சர்வரின் நிகழ்வுப் பதிவு) திடீரென்று பெருத்தால் உங்கள் கணிப்பு பொய்த்துவிடுமே?

பதில்: பொய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே டிஸ்க்குக்கு மட்டும் இரண்டையும் வையுங்கள்: நாள் கணக்கில் நிரம்பும் என்றால் காலையில் பார்க்க ஒரு டிக்கெட் (வேலைக் குறிப்பு), சில மணி நேரத்தில் நிரம்பும் அல்லது மிச்சம் மிகக் குறைவு என்றால் தொலைபேசி அழைப்பு. சி.பி.யு. விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

கேள்வி: கண்காணிப்பு மென்பொருளையும் எங்கள் சேவை ஓடும் அதே கிளவுட் கணக்கில் வைத்தால் செலவு குறையுமே?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று, தவறாக உள்ளிட்ட ஒரு கட்டளையால் அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்புச் சேவை முடங்கியது. சேவைகளின் நிலையைக் காட்டும் பக்கத்தைப் புதுப்பிக்கும் வசதியும் எஸ்3-ஐயே நம்பியிருந்ததால், சுமார் இரண்டு மணி நேரம் அதில் உண்மை நிலையைக் காட்ட முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, பழுதைக் கண்டறிய உதவும் உள் கருவிகள் பலவும் சேர்ந்தே செயலிழந்தன. வெளியிலிருந்து பார்க்கும் ஒரு சோதனையாவது வேண்டும்.

கேள்வி: 99.99 சதவீத இயக்க நேரம் தருவதாக வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: சேவை முடங்கியிருக்க 30 நாளுக்கு 4 நிமிடம் 19 விநாடிதான் மிஞ்சும். எச்சரிக்கை கேட்டு எழுந்து கணினியைத் திறப்பதற்குள் அது தீர்ந்துவிடும். மனிதர் கைவைத்துச் சரிசெய்யும் அமைப்பென்றால் 99.9 என்று எழுதுங்கள். 43 நிமிடம் கிடைக்கும்.

கேள்வி: அலுவலக வைஃபை மெதுவாக இருக்கிறது.

பதில்: கேபிளில் இணைத்துப் பாருங்கள். வேகம் வந்தால் வலையமைப்புக் குழுவைக் கேளுங்கள். என் துறை அல்ல.

கேள்வி: எந்தக் கண்காணிப்பு மென்பொருள் சிறந்தது?

பதில்: இதை இன்று பலர் கேட்டுவிட்டீர்கள். எதை அளக்கப் போகிறீர்கள் என்று சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: சி.பி.யு. எச்சரிக்கையை 70 சதவீதத்தில் வைத்தால்?

பதில்: 80க்குச் சொன்னதுதான் 70க்கும். சி.பி.யு. 70ஐத் தொட்ட நேரத்தில் உங்கள் 99ஆம் சதமானம் எவ்வளவு இருந்தது? அந்த எண்ணை அனுப்புங்கள், பிறகு பேசுவோம்.