மூன்று மாத டீச்சர்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். கம்போடியாவில் சியாம் ரீப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் மூன்று மாதம் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன். என் உச்சரிப்பில் தமிழ் வாடை என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். எந்த இலக்கணப் புத்தகம் எடுத்துப் போகலாம்?

ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

உச்சரிப்பை விடுங்கள். அந்தத் தோழிகளையும்தான்.

என் ஆறாம் வகுப்பு ஆங்கில சாரை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓட்டுக் கூரை வகுப்பு. மழை பிடித்தால் ஒழுகாத பக்கமாக பெஞ்சை இழுத்துக்கொள்வோம். அந்த வருஷம் வெளிநாட்டு அக்கா ஒருவர் ஒரு மாதம் வந்து பாடம் எடுத்தார். பாட்டு, ஆட்டம், கலர் பென்சில். ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றார், கத்தினோம். ‘ஐ ஏட்’ இருக்கும்போது இது எதற்கு என்று ஒருவனுக்கும் விளங்கவில்லை. அவர் ஊருக்குப் போன பிறகு சார் சொன்னார்: “நேத்து ராத்திரி என்னடா பண்ணேன்னா ‘சாப்பிட்டேன்’னு சொல்லுவே. அம்மா தோசை வார்க்கவான்னா ‘சாப்பிட்டாச்சு’ம்பே. அந்த ஆச்சுதான்டா இது.” முடிந்தது பாடம். அந்த ஒரு மாதமும் சார் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கம்போடியப் பிள்ளைகள் பேசும் கெமர் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. போனேன், போகிறேன், போவேன் மூன்றுக்கும் ஒரே ‘போ’தான்; பக்கத்தில் நேற்று, நாளை என்று ஒரு சொல் நிற்கும். பன்மை விகுதியும் கிடையாது. அந்தப் பிள்ளை ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதினால் அது சோம்பேறித்தனம் இல்லை அம்மா, அதன் தாய்மொழி. நீங்கள் சிவப்பு மையில் சுழித்தால் அதற்கு என்ன தெரியும்? முதலில் கொஞ்சம் கெமர் படியுங்கள். எழுத்தும் அந்நியமில்லை, நம் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்ததுதான்.

அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் தொடங்கிய பீஸ் கோர் என்ற தன்னார்வ அமைப்பின் தொண்டர்களும் கம்போடியாவில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு வேலை; அதற்கு முன் மொழியும் ஊரும் பழகவே ஏறக்குறைய மூன்று மாதம். வகுப்பும் உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்துதான். உங்களுக்கோ மொத்தமே மூன்று மாதம்! பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி நீங்கள் எடுக்கப்போகும் போட்டோ எனக்கு இப்போதே தெரிகிறது. கோபப்படாதீர்கள், உங்கள் வயதில் நானும் எடுத்திருப்பேன்.

போனதும் கரும்பலகைப் பக்கம் ஓடாதீர்கள். அந்த ஊர் ஆசிரியர் பாடம் நடத்துவதை ஒரு வாரம் பாருங்கள். அவர் ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். சாயங்காலம் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் கிளம்பிய மறுநாளும் அந்த வகுப்புக்கு அவர்தான் போகப் போகிறார்.

சரி, புத்தகம் கேட்டீர்கள், மறந்தே போனேன். புத்தகம் வேண்டாம், கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். பிள்ளைகள் விடும் தப்புகளை எழுதி, ஏன் இப்படி வருகிறது என்று அந்த ஆசிரியரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும் அதை எனக்குக் காட்டுங்கள்.